பறக்கும் வெண்மை

கரும்பலகையில் சுண்ணக்கட்டியைப் படுக்கவைத்து விரைந்து இழுத்துப் பாருங்கள். கோடு முழு வெண்மையாய் அமையாது. இடையிடையே பலகையின் கருமை எட்டிப் பார்க்கும். நாம் பொருட்படுத்தாத இக்குறையைச் சீனர்கள் ஒரு கலையாக்கினர். தூரிகையில் மை குறைந்து கையின் விரைவு மிகும்போது, மயிர்கள் பிரிந்து, கோட்டினுள் வெண்கீற்றுகள் தோன்றும். அவ்வெழுத்தின் பெயர் ‘ஃபெய்பாய்’. பறக்கும் வெண்மை என்பது பொருள்.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாய் யோங் என்னும் புலவர், அரண்மனை வாயிலில் பணியாளர் துடைப்பத்தால் சுண்ணாம்பு பூசுவதைக் கண்டு இதனை வகுத்தார் என்பர். கதை மெய்யோ அன்றோ, அரசவைக் கலைக்குக் கூலியாளின் துடைப்பத்தைத் தாயாகச் சொன்னவர்களை எனக்குப் பிடித்திருக்கிறது.

கதையை விட்டுக் கல்லுக்கு வருவோம். 646-இல் தாங் பேரரசர் தாய்சோங், தாய்யுவான் நகரை அடுத்த சின்சி ஆலயத்திற்கு ஒரு கல்வெட்டு எழுதினார். அதன் உச்சியில், சீனர் கல்லின் நெற்றி என வழங்கும் இடத்தில் மட்டும் பறக்கும் வெண்மை உண்டு. கீழுள்ள வாசகமோ நடையெழுத்தில் ஓடுகிறது. 699-இல் பேரரசி ஊ ச்சே தியென் நாட்டிய கல்லிலும் அவ்வாறே. நெற்றியில் ஆறு பெரிய எழுத்துகள். கோடுகளிடையே பறவை உருவங்கள்கூட அமைந்துள்ளன. வாசகம் வேறு எழுத்து.

ஏன் அப்படி? சிற்றெழுத்தில் கீற்றுகள் அடைபட்டு வெறும் அழுக்காய்த் தோன்றும். பேரெழுத்தில்தான் அவற்றுக்கு மூச்சுவிட இடமுண்டு. உளிக்காரனின் பாட்டையும் எண்ணிப் பாருங்கள். கண்ணிமைப்பில் ஓடிய தூரிகையின் தடத்தை, மெல்லிய கல்வரம்புகளை வெட்டாமல் விட்டுவிட்டு அவன் மெல்ல மெல்லச் செதுக்கவேண்டும். அக்கல்லின் மேல் தாளொற்றி மைப்படி எடுத்தால் எழுத்து வெள்ளை, கீற்று கறுப்பு!

அச்சு வந்தபின் தூரிகை ஈயத்தில் ஏறியது. 1953-இல் பிரான்சின் மார்சேய் நகரில் ஒலீவ் வார்ப்பகம், ரோஜே எக்ஸ்கொஃபோன் வரைந்த ‘மிஸ்த்ரால்’ எழுத்தை வெளியிட்டது. அதன் விளிம்புகள் வேண்டுமென்றே சொரசொரப்பாய் விடப்பட்டவை. ஆனால் வார்ப்பெழுத்துக்கு ஒரு வில்லங்கம் உண்டு. கை ஒருபோதும் ஒரே கீறலை இருமுறை இடாது; அச்சு இட்டதையே இடும். கணினி எழுத்துருக்களில் இன்று இதற்கு மாற்றாக ஒரே எழுத்துக்குப் பல வடிவங்களை வைக்கின்றனர். எல்லா எழுத்துருக்களிலும் அவ்வசதி இல்லை.

நான் பணியிலிருந்த காலத்தில் மாணவன் ஒருவன் ‘மரகதம்’ என்னும் பள்ளி மலருக்குக் கணினியில் தூரிகையெழுத்துத் தலைப்பு அமைத்து வந்தான். அழகாகவே இருந்தது. “முதல் எழுத்தையும் கடை எழுத்தையும் உற்றுப் பார், தம்பி” என்றேன். இரண்டு மகரங்களிலும் ஒரே இடத்தில் ஒரே மூன்று கீற்றுகள். “பொய் சொன்னது தெரிந்துவிட்டது, ஐயா” என்று சிரித்தான்.

மறுநாள் தூரிகையும் மையும் கொண்டு தாளில் எழுதி வந்தான். முதல் மகரம் கருகருவென்றிருந்தது; ஈற்றில் மை வற்றி, புள்ளி மட்டும் தப்பியிருந்தது. அதையே அச்சுக்கு அனுப்பினோம்.