பின்தேதியிட்ட ஒரு சட்டம்

1995 ஏப்ரல் 20-ஆம் தேதி மலேசிய அரசிதழில் ஓர் உத்தரவு வெளியானது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றிய 1987-ஆம் ஆண்டுக் கூட்டரசு உத்தரவு சரவாக்குக்குப் பொருந்தாது என்றது அது. கவனிக்க வேண்டியது தேதியை. வெளியானது ஏப்ரலில், ஆனால் 1994 செப்டம்பர் 1 முதலே நடப்பில் இருந்ததாகக் கருத வேண்டுமாம். ஏழு மாதத்துக்கும் மேல் பின்னால் போய் ஒரு விதியைக் கழற்றி எடுத்துவிட்டார்கள்.

எதற்கு? பதில் பாலுய் ஆற்றில் இருந்தது. 1990-இல் கைவிடப்பட்ட பாக்குன் அணைத் திட்டத்தை மகாதீர் அரசு 1993-இல் தூசு தட்டி எடுத்தது. 1994 ஜனவரியில் அது எக்ரான் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2,400 மெகாவாட். நீர் நிரம்பினால் கிட்டத்தட்ட 700 சதுர கிலோமீட்டர், ஏறக்குறைய சிங்கப்பூர் அளவு நிலம் உள்ளே போகும். காயான், கெஞா உள்ளிட்ட சுமார் 10,000 பூர்வகுடிகள் நீள்வீடுகளை விட்டு வெளியேற வேண்டும். மின்சாரமோ கடலுக்கடியில் கம்பி போட்டுத் தீபகற்பத்துக்கு வரும் என்றார்கள். அதாவது, நமக்கு.

விதி தளர்ந்தது என்றால் ஆலைப் புகையின் அளவு மாதிரி ஏதோ ஒன்று கூடியது என்று நினைப்போம். இங்கே தளர்ந்தது படிக்கும் உரிமை. கூட்டரசு நடைமுறைப்படி மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும், அவர்கள் கருத்துச் சொல்லலாம். சரவாக்கின் விதியில் அந்தக் கட்டாயம் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் வீடு மூழ்கப்போகிறவருக்கு அதுதான் எல்லாமே.

நீள்வீட்டுக்காரர்கள் மூன்று பேர் கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்துக்கு வந்தார்கள். அவர்கள் கேட்டது பணம் இல்லை. எங்கள் தலையெழுத்தை எழுதிய அறிக்கையை நாங்கள் படிச்சுப் பார்க்க வேண்டாமா என்பதுதான் வழக்கின் சாரம். 1996 ஜூன் 19-இல் நீதிபதி ஜேம்ஸ் ஃபூங் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். பின்தேதியிட்ட உத்தரவு செல்லாது என்றார்.

1997 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. நிலமும் ஆறும் மாநில அதிகாரத்துக்குள் வருபவை, எனவே சரவாக் சட்டமே பொருந்தும் என்றது. இந்த வாதத்தை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. 1963-இல் மலேசியா உருவானபோதே கேட்டுப் பெற்ற உரிமைகளை சரவாக் மக்கள் இன்றும் விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் மாநிலத்தின் உரிமையும் அந்த மாநிலத்து ஆற்றங்கரைக்காரரின் உரிமையும் ஒன்றா?

எனக்கு நெருடுவது தீர்ப்பின் இன்னொரு பகுதி. அமர்வில் இருந்தவர் கோபால் ஸ்ரீராம். அரசியலமைப்பில் உள்ள ‘உயிர்’ என்ற சொல் வாழ்வாதாரத்தையும் குறிக்கும் என்று 1996-இல் விரித்துப் பொருள் சொன்னவர் அவர். பாக்குன் வழக்கிலும் வாழ்வாதார இழப்பு உயிர் இழப்புக்குச் சமம் என்பது ஏற்கப்பட்டது. ஆனால் அது சட்டப்படி நடக்கிறது என்று கதவு சாத்தப்பட்டது. அதோடு, 10,000 பேருக்கும் பொதுவான பாதிப்பு என்பதால் இந்த மூவருக்குத் தனிப் பாதிப்பு இல்லையாம். பாதிக்கப்பட்டவர் கூடக்கூட வழக்குப் போடும் தகுதி குறையும் என்றால், இது என்ன கணக்கு?

அதே ஆண்டு வந்த ஆசிய நிதி நெருக்கடி, நீதிமன்றம் நிறுத்தாத திட்டத்தை நிறுத்தியது. ஆனாலும் மக்கள் சுங்கை ஆசாப் குடியேற்றத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். குடும்பத்துக்கு 3 ஏக்கர். வேட்டைக்கும் விதைப்புக்கும் காடே இருந்தவர்களுக்கு 3 ஏக்கர்! அணை பிறகு மறுபடி தொடங்கி, 2010 அக்டோபரில் நீர் ஏறியது, 2011-இல் மின்சாரம் வந்தது. கடலடிக் கம்பி மட்டும் வரவே இல்லை. தீபகற்பத்துக்கு வேண்டும் என்று சொல்லி எடுத்த ஆற்றின் மின்சாரம் சரவாக்கின் அலுமினிய உருக்காலைகளுக்குப் போனது.

பாராம் ஆற்றுக்காரர்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் அணை வரும் என்றபோது அவர்கள் 2013 அக்டோபரில் பாதையை மறித்து உட்கார்ந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எழுந்திருக்கவில்லை. 2016-இல் அவர்களின் நிலத்தைக் கையகப்படுத்திய அரசிதழ் அறிவிப்பு ரத்தானது. அறிக்கையைக் கேட்டு நின்றவர்கள் தோற்றார்கள். பாதையில் உட்கார்ந்தவர்கள் ஜெயித்தார்கள். விதிகளைத் தளர்த்தினால் வேலை வேகமாக நடக்கும் என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டு ஆறுகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.