தண்ணீர் கம்பெனியை விற்க யார் அனுமதி தரணும்? 6 வருஷம் போராடிய மிசூலா நகரத்தின் கதை

மொபைல் சிம் பிடிக்கலைன்னா வேற கம்பெனிக்கு மாறிடலாம். கேபிள் டிவி பிடிக்கலைன்னா கட் பண்ணிடலாம். ஆனா குழாய்த் தண்ணீருக்கு அந்த வசதி கிடையாது. தெருவுக்கு அடியில் ஓடுவது ஒரே ஒரு பைப்லைன்தான். அந்த பைப்லைனை வைத்திருக்கும் கம்பெனியையே யாரோ ஒருவர் விலைக்கு வாங்கிவிட்டால் என்ன ஆகும்? அந்த ஊர் மக்களிடம் யாராவது கேட்பார்களா?

அமெரிக்காவில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. அங்கே பெரும்பாலான நகரங்களில் குடிநீர் விநியோகம் நகராட்சி கையில் இருந்தாலும், சில ஊர்களில் தனியார் கம்பெனிகள்தான் தண்ணீர் தருகின்றன. 2017 வரை அப்படி இருந்த ஒரு ஊர்தான் மொன்டானா மாநிலத்தில் உள்ள மிசூலா. அங்கே தண்ணீர் கம்பெனி 2011-க்கும் 2017-க்கும் நடுவில் மூன்று முறை கைமாறியது. அந்தக் கதையை வைத்தே விஷயத்தைப் புரிந்துகொள்ளலாம்.

சுருக்கமாக...

- தனியார் தண்ணீர் கம்பெனி கைமாறும்போது, மாநில ஒழுங்குமுறை ஆணையம் அதை ஆய்வு செய்யும்.
- 2011-ல் மிசூலாவின் தண்ணீர் கம்பெனி கார்லைல் என்ற முதலீட்டு நிறுவனத்திடம் போனது. மாநில ஆணையம் அனுமதி தந்தது.
- 2016-ல் அதே கம்பெனி லிபர்ட்டி யூட்டிலிட்டீஸிடம் போனது. மாநில ஆணையத்தின் அனுமதி இல்லாமலேயே விற்பனை முடிந்தது.
- 2017-ல் கோர்ட் உத்தரவு மூலம் நகராட்சியே கம்பெனியைக் கையகப்படுத்தியது.

தனியார் கம்பெனியை விற்க அரசு அனுமதி எதுக்கு?

ஒரு துணிக்கடையை விற்றால் யாரும் கேட்கப் போவதில்லை. புது முதலாளி விலையை ஏற்றினால் மக்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். தண்ணீர் கம்பெனிக்குப் போட்டியே கிடையாது. அதாவது அது ஒரு ஏகபோகம்.

அதனால்தான் மாநில அளவில் ஓர் ஆணையம் இருக்கிறது. தண்ணீர் கட்டணம் எவ்வளவு, கம்பெனி எவ்வளவு லாபம் பார்க்கலாம் என்பதை அந்த ஆணையம்தான் முடிவு செய்யும். நம்ம ஊரில் மின் கட்டணத்துக்கு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இருப்பது மாதிரி. மொன்டானாவில் இதன் பெயர் பொதுச் சேவை ஆணையம். அதன் ஐந்து உறுப்பினர்களையும் மக்களே தேர்தலில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கம்பெனி கைமாறும்போது விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து ஆணையத்திடம் மனு போடுவார்கள். நகராட்சி, நுகர்வோர் தரப்பு வழக்கறிஞர், சுற்றுச்சூழல் அமைப்புகள் எல்லாம் இதில் தங்களையும் ஒரு தரப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆவணங்களைக் கேட்கலாம், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். பொதுமக்கள் கருத்துக்கேட்பும் நடக்கும். கடைசியில் ஆணையம் அனுமதிக்கும், அல்லது மறுக்கும், அல்லது நிபந்தனைகளோடு அனுமதிக்கும்.

ஆணையம் எதையெல்லாம் பார்க்கும்?

*வாங்குபவரிடம் பணமும் அனுபவமும் இருக்கா?* தண்ணீர் விநியோகம் 50, 60 வருஷக் கணக்கில் யோசிக்க வேண்டிய தொழில். பூமிக்கு அடியில் இருக்கும் பழைய குழாய்களை மாற்றப் பணம் போட்டுக்கொண்டே இருக்கணும்.

*அதிகமாகக் கொடுத்த விலை யார் தலையில் விழும்?* இதுதான் முக்கியமான கேள்வி. உதாரணத்துக்கு, கணக்குப் புத்தகத்தில் ஒரு கம்பெனியின் மதிப்பு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் 150 ரூபாய் கொடுக்கிறார். அந்தக் கூடுதல் 50 ரூபாயால் ஒரு அடி குழாய்கூட புதிதாக வரப்போவதில்லை. அதைத் தண்ணீர் பில்லில் ஏற்ற விடலாமா? கூடாது என்று நிபந்தனை போடுவதுதான் பெரும்பாலும் வழக்கம்.

*தாய் நிறுவனம் கடனில் மூழ்கினால்?* மேலே இருக்கும் பெரிய கம்பெனியின் கடனுக்கு, கீழே இருக்கும் உள்ளூர் தண்ணீர் கம்பெனியின் சொத்து அடமானம் ஆகிவிடக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் சுவர் மாதிரி விதிகளைப் போடுவார்கள்.

*மக்களுக்கு என்ன லாபம்?* இதில் எல்லா இடத்திலும் ஒரே அளவுகோல் இல்லை. மக்களுக்குப் பாதிப்பு இல்லாவிட்டால் போதும் என்பது ஒரு பார்வை. மக்களுக்கு ஏதாவது நன்மை இருப்பதைக் காட்டியே ஆகணும் என்பது இன்னொரு பார்வை. முடிவு எந்தப் பக்கம் சாயும் என்பது பல நேரம் இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

மிசூலாவில் பிரச்சினை எப்படி ஆரம்பித்தது?

மிசூலாவுக்குத் தண்ணீர் தந்துகொண்டிருந்த கம்பெனியின் பெயர் மவுன்டன் வாட்டர். 1979-ல் மொன்டானா பவர் கம்பெனியிடம் இருந்து கலிபோர்னியாவைச் சேர்ந்த பார்க் வாட்டர் நிறுவனம் இதை வாங்கியது. 1980-களிலேயே நகராட்சி இதைக் கையகப்படுத்தப் பார்த்தது. ஆனால் கோர்ட்டில் தோற்றது. அப்போது மொன்டானாவின் பெரிய நகரங்களில் குடிநீர் அமைப்பு சொந்தமாக இல்லாத ஒரே நகரமாக மிசூலாதான் இருந்தது.

ஊருக்கு அடியிலேயே நிலத்தடி நீர்த்தேக்கம் இருக்கிறது. கிணறு தோண்டி பம்ப் வைத்தால் தண்ணீர் வந்துவிடும். தண்ணீருக்குப் பஞ்சமில்லை, பிரச்சினை குழாயில். பம்ப் செய்யும் தண்ணீரில் கிட்டத்தட்ட பாதி, பழைய குழாய்களில் கசிந்து வீணானது.

2011: ஒரு கடிதத்தை நம்பிய நகராட்சி

2011-ல் பார்க் வாட்டரை மொத்தமாக வாங்க வந்தது கார்லைல் குழுமத்தின் உள்கட்டமைப்பு முதலீட்டுப் பிரிவு. இந்த மாதிரி முதலீட்டு நிதிகள் எதையும் காலாகாலத்துக்கும் வைத்திருப்பதில்லை. சில வருஷம் வைத்திருந்து நல்ல விலைக்கு விற்பதுதான் அவர்கள் தொழில்.

அப்போதைய மேயர் ஜான் எங்கன் தலைமையிலான நகராட்சி, ஆணையத்தின் விசாரணையில் ஒரு தரப்பாகச் சேர்ந்தது. பேச்சுவார்த்தை நடந்தது. நகராட்சி விலைக்குக் கேட்டால் நல்லெண்ணத்தோடு பரிசீலிப்போம் என்று கார்லைல் எழுதிக் கொடுத்தது. நகராட்சியும் எதிர்ப்பை விட்டுவிட்டு ஆதரவு தந்தது. 2011 டிசம்பரில் ஆணையம் நிபந்தனைகளோடு அனுமதி அளித்தது.

அதன்பிறகு நகராட்சி விலை பேசப் போனது. கார்லைல் அந்த விலைகளை ஏற்கவில்லை. பரிசீலிக்கிறோம் என்றுதானே சொன்னோம், விற்கிறோம் என்று சொல்லவில்லையே என்பதுதான் நிலைமை. அந்தக் கடிதத்தில் விலையும் இல்லை, கெடுவும் இல்லை. விற்பனைக்கு அனுமதி கொடுத்து முடித்த ஆணையத்தின் கையிலும் அப்போது பிடி எதுவும் இல்லை.

2014: ஒரே நேரத்தில் இரண்டு சண்டை

2014 ஏப்ரலில் நகராட்சி கோர்ட்டுக்குப் போனது. சாலைக்கு நிலம் எடுப்பது மாதிரி, உரிய இழப்பீடு கொடுத்து தண்ணீர் கம்பெனியையே கையகப்படுத்த அனுமதி கேட்டது.

வழக்கு நடக்கும்போதே, அதே வருஷம் செப்டம்பரில் இன்னொரு அறிவிப்பு வந்தது. கனடாவின் அல்கான்குவின் நிறுவனத்தைச் சேர்ந்த லிபர்ட்டி யூட்டிலிட்டீஸுக்கு பார்க் வாட்டரை விற்கிறது கார்லைல். கடனையும் சேர்த்து விலை 327 மில்லியன் டாலர். மவுன்டன் வாட்டரோடு கலிபோர்னியாவில் உள்ள இரண்டு தண்ணீர் அமைப்புகளும் இதில் அடக்கம்.

கைமாற்றம் என்றால் திரும்பவும் ஆய்வு வேண்டும். கலிபோர்னியா ஆணையம் 2015 டிசம்பரில் அனுமதி தந்துவிட்டது. மொன்டானா ஆணையம் இன்னும் முடிவே சொல்லவில்லை. ஆனாலும் 2016 ஜனவரியில் விற்பனையை முடித்துவிட்டார்கள்.

அனுமதி இல்லாமல் எப்படி விற்க முடிந்தது?

இதற்குப் பின்னால் ஒரு சட்ட ஓட்டை இருக்கிறது. கலிபோர்னியா சட்டத்தில், முன் அனுமதி இல்லாமல் இப்படிப்பட்ட கம்பெனியின் கட்டுப்பாடு கைமாறக் கூடாது என்று நேரடியாகவே எழுதியிருக்கிறது. மொன்டானா சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. பொதுச் சேவை நிறுவனங்களை மேற்பார்வையிடும் பொதுவான அதிகாரம் இருக்கிறது, அதில் இதுவும் அடங்கும் என்பது ஆணையத்தின் வாதம். பல வருஷமாகக் கம்பெனிகளும் அதை ஏற்று மனு போட்டு வந்தன.

இன்னொரு விஷயம், விற்கப்பட்டது மவுன்டன் வாட்டர் இல்லை. அதற்கு மேலே இருந்த தாய் நிறுவனம். மிசூலா மக்களின் தண்ணீர் பில்லில் கம்பெனி பெயர்கூட மாறவில்லை. ஆனால் முக்கிய முடிவுகளை எடுக்கும் இடம் வேறு நாட்டுக்குப் போய்விட்டது. ஆணையம் கடுமையாக எதிர்த்தது. ஆனால் நடந்த விற்பனை நடந்ததுதான்.

கோர்ட் என்ன சொன்னது?

தண்ணீர் விநியோகம் ஏற்கெனவே பொதுப் பயன்பாட்டில்தான் இருக்கிறது. அதனால் தனியார் உரிமையைவிட நகராட்சி உரிமை அதிக அவசியமானது என்பதை நகராட்சி நிரூபிக்க வேண்டியிருந்தது. 2015 ஜூனில் நீதிபதி கேரன் டவுன்சென்ட், நகராட்சி அதை நிரூபித்துவிட்டது என்று தீர்ப்பளித்தார். அதே வருஷம் நவம்பரில் மூன்று பேர் கொண்ட மதிப்பீட்டுக் குழு, அமைப்பின் மதிப்பு 88.6 மில்லியன் டாலர் என்று சொன்னது. 2016 ஆகஸ்ட்டில் மொன்டானா உச்ச நீதிமன்றமும் 5-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பை உறுதி செய்தது. 2017 ஜூன் 22 அன்று தண்ணீர் அமைப்பு நகராட்சியின் கைக்கு வந்தது.

இது எல்லோருக்கும் இனித்த வெற்றி இல்லை. வேலை என்ன ஆகுமோ என்ற கவலையில் கம்பெனி ஊழியர்களே வழக்கில் ஒரு தரப்பாகச் சேர்ந்திருந்தார்கள். வழக்குச் செலவு மட்டும் பல மில்லியன் டாலர். தனியார் கம்பெனியாக இருந்தபோது வந்த சொத்து வரி நின்றுபோனதால், உள்ளூர் கவுன்டி நிர்வாகத்துக்கும் பள்ளிகளுக்கும் வருமான இழப்பு. நகராட்சி வாங்கிய கடனும் தண்ணீர் கட்டணத்தில் இருந்துதான் அடைபடணும். இப்போது கட்டணத்தை முடிவு செய்வது நகர மன்றம். புகார் இருந்தால் மக்கள் கவுன்சிலரைக் கேட்கலாம், அடுத்த தேர்தலில் மாற்றலாம்.

வேற எங்கேயாவது ஆணையமே தடுத்திருக்கா?

அமெரிக்காவின் இன்னொரு மூலையில் இருக்கும் கனெக்டிகட் மாநிலத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர்.

2018-ல் கனெக்டிகட் வாட்டர் கம்பெனியை, கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் இருக்கும் எஸ்ஜேடபிள்யூ குழுமம் வாங்க முன்வந்தது. ஒரு பங்குக்கு 70 டாலர், மொத்தம் சுமார் 1.1 பில்லியன் டாலர். அங்கே தாய் நிறுவனம் கைமாறினாலும் முன் அனுமதி கட்டாயம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. 2018 டிசம்பரில் அந்த மாநில ஆணையம் ஒரு வரைவு முடிவை வெளியிட்டது. அனுமதி இல்லை என்பதுதான் அதன் சாரம்.

2019 ஜனவரியில் இரு கம்பெனிகளும் மனுவை வாபஸ் வாங்கின. சில மாதங்களில் புது மனுவோடு திரும்பி வந்தன. இந்த முறை வாடிக்கையாளர்களுக்குக் கட்டணத்தில் சலுகை, உள்ளூர் நிர்வாகத்துக்கு உத்தரவாதம், தாய் நிறுவனத்தின் நிதிச் சிக்கல் உள்ளூர் கம்பெனியைத் தொடாதபடி பாதுகாப்பு எல்லாம் மனுவிலேயே இருந்தன. 2019 செப்டம்பரில் ஆணையம் அனுமதித்தது. அக்டோபரில் இணைப்பு முடிந்தது. வாங்கியவர் அதே ஆள்தான். ஆணையம் முதலில் 'நோ' சொன்னதால் மக்களுக்குக் கிடைத்தது மட்டும் கூடியது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது என்ன?

ஆணையத்துக்கும் மக்களுக்கும் முழுப் பலம் இருப்பது விற்பனை முடிவதற்கு முன்பு மட்டும்தான். அந்த நேரத்தில் வாங்குபவருக்கு அனுமதி தேவை, அதனால் இறங்கி வருவார். கையெழுத்து ஆனபிறகு மிஞ்சுவது உத்தரவில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

ஆகவே எந்த ஊரில் தண்ணீர் கம்பெனி கைமாறும் செய்தி வந்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். மேல்மட்டத்தில் நடக்கும் விற்பனைக்கும் அனுமதி தேவை என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறதா? கூடுதலாகக் கொடுத்த விலை பில்லில் வருமா? குழாய்களைச் சரிசெய்ய எவ்வளவு பணம், எந்த வருஷத்துக்குள் என்று உத்தரவில் இருக்கிறதா? வாங்குபவர் திரும்ப விற்றால் உள்ளூர் நகராட்சிக்கு என்ன உரிமை?

மிசூலாவில் 2011-ல் இந்த நான்காவது கேள்விக்குக் கிடைத்த பதில், 'நல்லெண்ணத்தோடு பரிசீலிப்போம்' என்ற ஒரு கடிதம். அதே தண்ணீர் அமைப்பை வாங்க அந்த ஊருக்கு அடுத்து ஆறு வருஷமும், இரண்டு கட்டக் கோர்ட் விசாரணையும் தேவைப்பட்டன.