மார்ச்சோடு முடியும் பணம்

பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்தபோது எட்டு மாதம் ஓர் ஆலோசனை நிலையத்துக்குப் போய்வந்தேன். வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் இரண்டு அறை, ஒரு பழைய சோபா. காசு வாங்கமாட்டார்கள். எனக்குக் கிடைத்த ஆலோசகர் ஒரு தமிழ் அக்கா. ‘தூக்கமே வரலக்கா’ என்று தமிழில் சொல்ல முடிந்ததே பெரிய விஷயமாக இருந்தது. ஒருநாள் அவரே சொன்னார்: “தம்பி, எங்க ஃபண்டிங் மார்ச்சோட முடியுது. உன் ஃபைல வேற இடத்துக்கு மாத்தி விடுறேன்.” மாற்றிய இடத்துக்கு நான் போகவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்னொருவரிடம் சொல்லத் தெம்பில்லை.

கோபமெல்லாம் அந்த அக்கா மேல்தான். வேலைக்குப் போய்ச் சில வருஷம் ஆன பிறகுதான், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, ஏன் மார்ச்சில் தீர்ந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

சிங்கப்பூரில் மனநலத்துக்கென்று அரசாங்கம் முதலில் கட்டியது ஆட்களை அடைத்து வைக்கும் இடத்தைத்தான். மனநலம் பாதித்தவர்களை அதுவரை சிறையில் வைத்திருந்தார்கள். அங்கே ஒருவர் இன்னொருவரைக் கொன்றுவிட, 1841இல் பிராஸ் பசா சாலையும் பென்கூலன் ஸ்திரீட்டும் சந்திக்கும் முனையில் தனிக் கட்டடம் எழுந்தது. 1887இல் அது சிப்பாய் லைன்ஸ் பக்கம் போனது, 1928இல் இயோ சூ காங் சாலைக்கு. 1951இல் உட்பிரிட்ஜ் என்று பெயர். 1993இல் புவாங்கோக்குக்கு வந்து மனநலக் கழகம் ஆனது. பெயர் மாறியும் வசவு மாறவில்லை. “உட்பிரிட்ஜ்ல கொண்டுபோய்ப் போட்ருவேன்” என்று அதட்டப்படாத பிள்ளை எங்கள் புளோக்கில் கிடையாது. ஆனால் ஒன்று: இத்தனை இடம் மாறியும் அந்த ஆஸ்பத்திரி நீடித்தே வந்திருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு வெளியே நடந்தது வேறு கதை. 1968இல் சிங்கப்பூர் மனநலச் சங்கம், 1969இல் சமாரிட்டன்ஸ். இரண்டும் தொண்டூழியர்களையும் நன்கொடையையும் நம்பி வளர்ந்தவை. உயிரை விட முயல்வது அப்போது ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றம். அந்தச் சட்டப் பிரிவு நீங்கியது 2020 ஜனவரி 1இல்தான். அதாவது, உயிரை விட முயன்று உதவி கேட்டவரைச் சட்டம் அந்த ஐம்பது வருஷமும் குற்றவாளியாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

சிங்கப்பூர் பூல்ஸ் தொடங்கியதும் 1968இல்தான். காலாங்கில் இருந்த பழைய தேசிய விளையாட்டரங்கத்துக்கு ஸ்வீப் லாட்டரிப் பணம் போனது பலருக்குத் தெரியும். சூதாட்ட உபரியைச் சமூகச் சேவைக்குப் பிரித்துக் கொடுக்க 1988இல் டோட் போர்டு வந்தது. எங்கள் அப்பா வாராவாரம் டோட்டோ வரிசையில் நிற்பவர். அவர் தோற்ற காசில் ஒரு துளி எப்படியாவது அந்த சோபாவுக்கு வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அவர் ஜெயித்திருந்தாலும் வீட்டில் எனக்கு அவ்வளவு செலவழித்திருக்க மாட்டார்.

இளையர் பக்கம் அரசாங்கப் பணம் திரும்பியது இந்த நூற்றாண்டில். கடுமையான மனப்பிறழ்வு நோய்கள் பெரும்பாலும் பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளிலும்தான் தலைகாட்டும். சீக்கிரம் பிடித்தால் பலன் அதிகம். 2001இல் மனநலக் கழகம் இதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. அதற்கு 2006இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் விருதும் கிடைத்தது. அடுத்த வருஷம் தேசிய மனநலப் பெருந்திட்டம். அதன் பணத்தில் ‘ரீச்’ குழுக்கள் பள்ளிகளுக்குப் போயின. 2009இல் 16 முதல் 30 வயது வரையுள்ளவர்களுக்கு ‘சாட்’ வந்தது. அதை ஆஸ்பத்திரி வளாகத்தில் வைக்காமல் ஆர்ச்சர்ட் பக்கம் ஸ்கேப் கட்டடத்தில், கடைகளுக்கு நடுவே வைத்தார்கள். உட்பிரிட்ஜ் என்ற பெயரைத் தாண்டிப் போக இதைவிட நல்ல யோசனை எனக்குத் தோன்றவில்லை.

2012க்குப் பிறகு சமூகச் சேவை அமைப்புகளும் பெரிய அளவில் உள்ளே வந்தன. சேவை வீட்டுக்குப் பக்கத்தில் வந்தது, தவணையும் கூடவே வந்தது. இப்படிப்பட்ட மானியங்களில் பல இரண்டு மூன்று வருஷத்துக்குத்தான். புதிய முயற்சிக்குக் கைகொடுப்பார்கள், பிறகு சொந்தக் காலில் நிற்க வேண்டும். இலவசமாகத் தரும் சேவை எந்தக் காலில் நிற்கும்?

எங்கள் தொழிலிலும் இது உண்டு. புது பம்ப் வாங்கக் கையெழுத்து உடனே கிடைக்கும். பராமரிப்புக்குக் கேட்டால் ஆறு மின்னஞ்சல் போகும். பம்ப்பாவது நின்றால் சத்தம் நிற்கிறது, ஆட்கள் ஓடி வருவார்கள். தவணை வைப்பவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. பொதுப் பணம், கணக்கு வேண்டும்தான். கேள்வி கேட்காமல் பணம் ஓடினால் என்ன நடக்கும் என்பதற்கு அடைப்பு விடுதிகளின் வரலாறே போதும். ஆனால் மனம்விட்டுப் பேச ஒருவரை நம்புவதற்கே எனக்கு நாலு மாதம் ஆனது. நிதியாண்டுக்கு அது தெரியாது.

போன வருஷத்திலிருந்து சனிக்கிழமைகளில் ஒரு சிறிய அமைப்புக்கு மானிய அறிக்கை தயாரித்துக் கொடுக்கிறேன். எத்தனை பேரைச் சந்தித்தோம், எத்தனை பேரைப் பரிசோதித்தோம், எத்தனை பட்டறை. ஒருமுறை வந்து துண்டுப்பிரசுரம் வாங்கியவரும் ஒரு தலை, எட்டு மாதம் வந்தவரும் ஒரு தலை. 2024இல் வெளியான தேசிய ஆய்வில் 15 முதல் 35 வயதுக்காரர்களில் 30.6 விழுக்காட்டினர் கடுமையான மனச்சோர்வு, பதற்றம், மனவுளைச்சல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாவது இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த எண்ணை விண்ணப்பத்தின் முதல் பத்தியில் போட்டோம். எல்லா அமைப்பும் போட்டிருக்கும்.

அட்டவணையில் நானாகவே ஒரு பத்தி சேர்த்தேன்: ஆலோசகர் மாறிய பிறகு வராமல் போனவர்கள். மேலாளர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, இத அவங்க கேக்கல.” அழிக்கப் போனேன். “அனுப்புறதுல எடுத்துடு. நம்ம காப்பியில இருக்கட்டும்” என்றார்.