ஓசி மணல்

வீடு கட்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், மணல் என்றதும் ஒரு பெருமூச்சு வரும். அந்த மணலை ஒரு கம்பெனி வேண்டுமட்டும் சும்மா அள்ளிக்கோ என்று கொடுத்தால் யார்தான் வேண்டாமென்பார்கள்? அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிராண்ட் ஜங்ஷன் என்ற ஊரில் அதுதான் நடந்தது.

1951ல் அங்கே ஆற்றங்கரையில், பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் க்ளைமாக்ஸ் யுரேனியம் கம்பெனி வேலையைத் தொடங்கியது. பனிப்போர்க் காலம். அணுகுண்டுக்காக யுரேனியத்தை அரசாங்கமே வாங்கிக்கொண்டது. அந்த வட்டாரத்துத் தாதுவில் யுரேனியம் நூற்றுக்கு ஒரு பங்குகூடத் தேறாது. பாறையை அரைத்து அந்தத் துளியைப் பிரித்தபின், மிச்சம் அத்தனையும் மணல்.

அதுவும் நல்ல மணல், சலித்தெடுத்ததுபோல. கட்டிட கான்ட்ராக்டர்கள் லாரியோடு வந்தார்கள், வீட்டுக்காரர்களும் வந்தார்கள். அஸ்திவாரத்தைச் சுற்றி நிரப்பினார்கள், தளத்துக்கு அடியில் பரப்பினார்கள், காங்கிரீட்டிலும் கலவையிலும் சேர்த்தார்கள். நடைபாதை, சாக்கடைக் குழாய், தோட்டம் எதையும் விடவில்லை. 1966ல் நிறுத்தும்வரை போனது சுமார் 3 லட்சம் டன்.

யுரேனியத்தைத்தான் எடுத்துட்டாங்களே, அப்புறம் என்ன பயம் என்று தோன்றும். எனக்கும் முதலில் படித்தபோது அப்படித்தான் தோன்றியது. ஆனால் தாதுவிலிருந்த கதிரியக்கத்தில் சுமார் 85 சதவீதம் மணலிலேயே தங்கிவிடுகிறது. முக்கியமாக ரேடியம். அது பாதியாகக் குறையவே 1,600 வருஷம் ஆகும். சிதையும்போது அது ரேடான் என்ற வாயுவாகிறது, நிறமில்லை, மணமில்லை. தரை விரிசல் வழியாக ஏறி, குளிருக்குப் பூட்டிய வீட்டுக்குள் சேர்ந்துவிடும். அது சிதைந்து உண்டாகும் துகள்கள் நுரையீரலில் படிந்து புற்றுநோயைத் தரும். அதே வட்டாரத்து யுரேனியச் சுரங்கத் தொழிலாளர்களை இதற்காகவே அரசு மருத்துவர்கள் 1950லிருந்து கண்காணித்து வந்தார்கள். சுரங்கத்துக் காற்று படுக்கையறைக்கு வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இதில் கோபம் வரவைப்பது அணுசக்தி ஆணையத்தின் பதில். எடையில் 0.05 சதவீதத்துக்குமேல் யுரேனியம் இருந்தால்தான் உரிமம் வேண்டும் என்பது அன்றைய விதி. கழிவு மணலில் அவ்வளவு இல்லை, ஆகவே எங்கள் பொறுப்பில்லை என்றார்கள். ரேடியத்தைப் பற்றி விதி எதுவும் கேட்கவில்லை.

1972ல் அமெரிக்கக் காங்கிரஸ் இந்த ஊருக்கென்று ஒரு சட்டம் போட்டது, 1978ல் நாடு முழுக்க இருந்த இத்தகைய ஆலைக் கழிவுகளுக்காக இன்னொன்று. தளத்தை உடைத்து, மணலை அள்ளி, வேறு மண் நிரப்பி, மறுபடி தளம் போடும் வேலை. 4,000க்கும் மேற்பட்ட இடங்களில் நடந்தது. ஓசியில் வாங்கியதைத் திருப்பி எடுக்க வரிப்பணம் கோடிக்கணக்கில் போனது. அள்ளிய மணலை ஊருக்கு வெளியே சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, செனி என்ற இடத்தில் குழிவெட்டிப் புதைத்தார்கள்.

அந்தக் குழியில் ஒரு பகுதியை மட்டும் மூடாமல் வைத்தார்கள். ரோட்டைத் தோண்டும்போதும் குழாய் மாற்றும்போதும் பழைய மணல் தட்டுப்பட்டால், அதைக் கொண்டுபோய்க் கொட்ட ஓர் இடம் வேண்டுமே.