தொண்டைக்குள் லேசர், நரம்பில் பால்

மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவதுதான் மயக்க மருத்துவரான என் பிழைப்பு. அந்த டியூபே பற்றிக்கொள்ளுமோ என்று பயந்துகொண்டு நின்ற அறுவை ஒன்று உண்டு: குரல்வளை லேசர்.

கரியமில வாயு லேசரை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர், நம் பாராமதியில் பிறந்த குமார் படேல். பாஸ்டனில் ஸ்ட்ராங், யாகோ என்ற இரு மருத்துவர்கள் அதைக் குரல்வளைக்குள் செலுத்தி, 1972-இல் அனுபவத்தை எழுதினார்கள். திசுவிலுள்ள தண்ணீரே அந்தக் கதிரை உறிஞ்சிவிடும். ஆழம் போகாது, ரத்தமும் குறைவு. சர்ஜன்களுக்குக் கொண்டாட்டம்.

எங்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது. ரப்பர் டியூப், உள்ளே ஆக்சிஜன், பக்கத்திலேயே நெருப்புக் கதிர்; அடுப்பு மூட்ட வேறென்ன வேண்டும்? சிரிப்பூட்டும் வாயுவும் தீயை வளர்க்கும் ஜாதிதான். நான் படித்த காலத்தில் சிவப்பு ரப்பர் டியூபின்மேல் உலோக நாடாவை இடைவெளி விடாமல் சுற்றுவோம். நுனி பலூனில் காற்றுக்குப் பதில் நீலம் கலந்த உப்புநீர். பலூன் பொத்தலானால் நீலம் காட்டிக்கொடுக்கும், நீர் தீயை அணைக்கும். கைக்கெட்டும் தூரத்தில் 50 மில்லி சிரிஞ்சு நிறைய உப்புநீர் வேறு.

டியூபே வேண்டாமென்றால்? சாண்டர்ஸ் என்ற மருத்துவர் 1967-இல் ஒரு வழி சொல்லியிருந்தார். மெல்லிய துளை வழியே ஆக்சிஜனை வேகமாகப் பீய்ச்சினால், அது சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு நுரையீரலுக்குள் போகும். நல்ல யோசனைதான். ஆனால் திறந்து கிடக்கும் தொண்டையில் மயக்க வாயு தங்காது. நோயாளியோடு சர்ஜனும் கொஞ்சம் குடிப்பார்.

மிச்சமிருந்தது நரம்பு ஊசி. (மக்கள் வாயில் சிரைக்கு நரம்பு என்றுதான் பெயர்.) 1934-லிருந்து தயோபென்டோன் என்ற மயக்க மருந்து இருந்தது. திரும்பத் திரும்பக் கொடுத்தால் உடம்பில் தேங்கும். ஆள் எழுந்திருக்க நேரமாகும். தொண்டையில் கைவைத்த நோயாளியோ, முடிந்ததும் தானே இருமி மூச்சைக் காத்துக்கொள்ள வேண்டும்.

இதைத் தீர்த்த புரோபோஃபாலைத் தந்தது இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம். கண்டறிந்தவர் ஐயன் கிளென், கால்நடை மருத்துவர்! முதலில் கலந்த கரைப்பான் ஒவ்வாமை தந்ததால், சோயா எண்ணெயிலும் முட்டை லெசித்தினிலும் குழைத்து 1986-இல் விற்பனைக்கு விட்டார்கள். பார்க்க அசல் பால். பம்ப்பில் சொட்டுச் சொட்டாக ஓடும். நிறுத்தினால் சில நிமிடங்களில் கண் திறப்பார்கள். என்னைக் கேட்டால், குரல்வளை லேசருக்குப் பாதி உயிர் கொடுத்தது இந்தப் பால்தான்.

கிளென்னுக்கு 2018-இல் லாஸ்கர் விருது கிடைத்தது. எங்கள் லேசர் மேசையிலிருந்து அந்த உப்புநீர் சிரிஞ்சை மட்டும் இன்னும் எடுக்கவில்லை.