கனூவில் மாற்று அமர்வும் துடுப்பு முறைகளும்

கனூ என்பது இரு முனையும் கூர்ந்த, மேலே திறந்த, ஒற்றை அலகுத் துடுப்பால் செலுத்தும் சிறு படகு. இன்று கனடாவின் ஏரிகளில் மிதக்கும் வடிவம், அந்நிலத்துப் பழங்குடியினர் பிர்ச் மரப்பட்டையால் கட்டிய படகிலிருந்து வந்தது. அந்தப் படகுகளில் உட்காரப் பலகை கிடையாது. அடித்தளத்தில் மண்டியிட்டே ஓட்டினார்கள். ஆகவே இன்று 'மாற்று முறை' எனப்படும் மண்டியிடுதல், இருக்கையைவிட மூத்தது.

இருவருக்கான கனூவில் ஒருவர் மட்டும் ஏறிப் பின் இருக்கையில் அமர்ந்தால், முன்முனை தண்ணீரை விட்டு எழும்பிவிடும். பக்கக் காற்று அதைப் பிடித்துச் சுழற்றும். எவ்வளவு வலித்தாலும் படகு நேரே போகாது. இதற்கு எளிய வழி, படகையே திருப்பிக்கொள்வது. முன் இருக்கை படகின் நடுவுக்குச் சற்று அருகில் இருக்கிறது. அதில் பின்புறம் நோக்கி அமர்ந்தால், பின்முனையே முன்முனையாகிவிடும்; எடையும் நடுப்பக்கம் நகரும். இரு முனையும் ஒன்றுபோல் அமைந்த படகில் மட்டுமே இது சரிப்படும்.

இன்னும் நல்லது, இருக்கையை விட்டு இறங்கி நடுவில் மண்டியிடுவது. துடுப்புப் போடும் பக்கமாக இரு முழங்கால்களையும் நெருக்கி வைத்தால் படகு அந்தப் பக்கம் சாய்கிறது. விளிம்பு தண்ணீருக்குச் சில விரற்கடை உயரத்தில் நிற்கும். பார்ப்பவருக்குக் கவிழப்போவதாகத் தோன்றும். ஆனால் உடலின் எடை தாழ்ந்திருப்பதால் படகு அந்தச் சாய்விலேயே நிலைகொள்கிறது. சாய்ந்த படகின் இரு முனைகளும் நீரிலிருந்து சற்று எழுவதால், அது குறுகிய இடத்திலும் திரும்பும். எதிர்க்காற்றில் ஓட்டி கொஞ்சம் முன்னே நகர்வார், பின்காற்றில் பின்னே. ஒன்டாரியோவின் அல்கோன்குயின் பூங்காவில் வழிகாட்டியாக இருந்த ஓமர் ஸ்டிரிங்கர் இந்தச் சாய்வு முறைக்குப் பெயர்போனவர். பில் மேசன் 1980இல் வெளியிட்ட 'பாத் ஆஃப் த பேடில்' நூல் ஒற்றையாள் ஓட்டத்தைப் பலருக்கும் கற்றுத்தந்தது. இருக்கை விளிம்பில் பின்புறத்தைச் சாய்த்து மண்டியிடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: படகு கவிழ்ந்தால் பாதங்கள் இருக்கைக்கு அடியில் சிக்காதபடி இடைவெளி வேண்டும். இதில் அலட்சியம் உயிருக்கே ஆபத்து.

ஒரே பக்கம் வலித்தால் படகு மறுபக்கம் திரும்பும். அதைத் திருத்துவது 'ஜே' வீச்சு: வலிப்பின் முடிவில் மேல்கையின் கட்டைவிரலைக் கீழ்நோக்கித் திருப்பி, துடுப்பலகால் தண்ணீரை மெல்ல வெளிப்புறம் தள்ளுவது. ஓசையற்ற வீச்சில் துடுப்பு நீரை விட்டு வெளியே வருவதே இல்லை. உள்ளங்கையில் பிடியை உருட்டி, அலகை நீருக்குள்ளேயே முன்னே கொண்டுபோகிறார்கள். சொட்டும் சத்தம்கூட எழாது. கரையோர விலங்குகளை நெருங்க இதைவிடப் பொருத்தமான முறை இல்லை.

பந்தயங்களில் நிலை வேறு. 1936 முதல் ஒலிம்பிக்கில் உள்ள கனூ விரைவோட்டத்தில் ஒரு முழங்காலை ஊன்றி, மறுகாலை முன்வைத்து, உடலை நிமிர்த்தி வலிக்கிறார்கள். சுக்கான் கிடையாது, ஒற்றையர் போட்டியில் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே பக்கம்தான். பெண்களுக்கான கனூ போட்டி டோக்கியோவில்தான் சேர்ந்தது. மிச்சிகனில் ஏறக்குறைய 190 கிலோமீட்டர் ஓடும் ஓ சேபிள் நெடும்பந்தயத்தில் இருவரும் உட்கார்ந்தே வலிக்கிறார்கள். ஒருவர் 'ஹட்' என்று குரல் கொடுத்ததும் இருவரும் சேர்ந்து பக்கம் மாற்றுவார்கள். திருத்த வீச்சில் வேகம் வீணாவதில்லை.

நின்று ஓட்டுவதும் உண்டு. ஆழமற்ற ஆற்றில் நீண்ட கழியை ஆற்றின் அடியில் ஊன்றி, நீரோட்டத்தை எதிர்த்துக்கூட ஏறுவார்கள். மியான்மரின் இன்லே ஏரியில் இன்தா மீனவர்கள் ஓட்டுவது கனூவைப் போன்ற தட்டையடிப் படகு. அதன் முனையில் ஒற்றைக்காலில் நின்று, மறுகாலைத் துடுப்பில் சுற்றி வலிக்கிறார்கள். உட்கார்ந்தால் நாணலும் மிதக்கும் செடிகளும் பார்வையை மறைத்துவிடும். நின்றால் வழி தெரிகிறது, கூம்பு வலையை இறக்கக் கைகளும் விடுபடுகின்றன.