திருவக்கரைக் கல்மரங்கள்

பிரெஞ்சுப் பள்ளியில் நாங்கள் பாரீசின் அடிமண்ணைப் பாடமாகப் படித்தோம். மோன்மார்த்ர் ஜிப்சக் குழிகளில் கிடைத்த எலும்புகளை வைத்து, அழிந்துபோன விலங்குகளை இனங்கண்டவர் கூவியே என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே இருக்கும் திருவக்கரையைப் பற்றி ஒரு வரி கிடையாது. இத்தனைக்கும் அந்தக் கல்மரங்களை 18-ஆம் நூற்றாண்டிலேயே குறித்து வைத்தவர் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர்!

பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். அசுரனின் எலும்பு என்பார்கள் பெரியவர்கள். அவை சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள். வேரும் கிளையும் இல்லாமல் படுத்துக் கிடக்கின்றன. அங்கேயே வளர்ந்தவை அல்ல, ஆற்று வெள்ளம் அடித்து வந்தவை என்பதற்கு அதுவே சாட்சி. மணலில் புதைந்தபின், நீரில் கரைந்து வந்த சிலிக்கா கொஞ்சம் கொஞ்சமாக மரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மரத்தின் ரேகைகூட அப்படியே நிற்கிறது.

வழுதாவூர்ப் பக்கம் வேறு கதை. கல்மரம் கிடக்கும் மணற்கல்லைவிடப் பழைய பாறை அங்கே. அதில் கடற்சிப்பிகளும், சுருள் ஓட்டு அம்மோனைட்டுகளும் இருக்கின்றன. அம்மோனைட் இனமே சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூண்டற்றுப் போய்விட்டது. ஆக, நம் ஊர்ப் பக்கம் முதலில் கடல், பிறகுதான் ஆறு. ஆபீஸ் கோப்பில் அடியில் இருக்கும் தாள்தானே பழையது? அதே கணக்குதான்.

வாலிபத்தில் நானும் திருவக்கரையில் ஒரு துண்டைச் சட்டைப்பையில் போட்டு வந்தவன். இன்னும் அலமாரியில் இருக்கிறது. கோப்பிலிருந்து கிழித்த தாள் மாதிரி, எண்ணும் இல்லை, தேதியும் இல்லை. எந்த இடத்தில், எந்த அடுக்கில் கிடந்தது தாத்தா என்று போன மாதம் பேரன் கேட்டான்.